இணையம் எட்டாத வகுப்பறையில் செவ்வாய்



சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வந்த செவ்வாய்க் கோளின் பனோரமாவுக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படத்தைப் பாராட்டியவர்களைவிடப் படத்தைக் கேட்டவர்களே அதிகம். "எங்கள் பள்ளியில் கணினி இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது, இணையம் மட்டும் இல்லை. இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குச் சுற்றிச் சுற்றிக் காட்ட வழி உண்டா?" என்று மலைக்கிராம ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். ஊர்ப்புற நூலகர் ஒருவர், நண்பர் மூலம் படத்தைப் பென்டிரைவில் வரவழைத்துத் திறந்தாராம். கணினி அசையாமல் நின்றுவிட்டதாம். இன்னொருவர், "சின்னதாக்கிப் போட்டேன், ஓடுகிறது. ஆனால் கிட்டத்தில் கொண்டுபோனால் எல்லாம் ஒரே மங்கல்" என்று வருத்தப்பட்டிருந்தார். இந்த மாதம் என் பக்கம் இவர்களுக்குத்தான்.

முதலில் படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2012 ஆகஸ்டில் செவ்வாயின் கேல் பெருங்குழியில் இறங்கியது. ஏழு ஆண்டு கழித்து, ஷார்ப் மலையின் சரிவில் கிளென் டோரிடன் என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட பகுதியில் அது நின்றுகொண்டிருந்தது. 2019 நவம்பர் 24 முதல் டிசம்பர் 1 வரை, பூமியில் அதை இயக்குகிறவர்கள் விடுமுறையில் இருந்த நாட்களில், ஊர்தி இடம்பெயராமல் சுற்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. நிழல்கள் படத்துக்குப் படம் மாறிவிடக் கூடாதே என்று, செவ்வாயின் உள்ளூர் நேரப்படி நண்பகலுக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட வெளிச்சத்தில் மட்டும் எடுத்தார்கள். அந்தக் கேமராவின் உணரி 1600-க்கு 1200 பிக்சல்தான். நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் கேமராவைவிட மிகச் சிறியது. அந்தச் சிறு படங்களை ஓரம் பார்த்து ஒன்றோடொன்று தைத்தபோது 180 கோடி பிக்சல் கொண்ட ஒரே காட்சி கிடைத்தது. 2020 மார்ச்சில் நாசா அதை வெளியிட்டது. ஊர்தியின் மேல்தளமும் இயந்திரக் கையும் தெரிகிற, ஏறத்தாழ 65 கோடி பிக்சல் கொண்ட இன்னொரு பனோரமாவும் கூடவே வந்தது.

180 கோடி என்றால் எவ்வளவு? பள்ளிகளில் சாதாரணமாக இருக்கும் 1366-க்கு 768 திரையில் ஏறக்குறைய பத்தரை லட்சம் பிக்சல்கள். அதாவது இந்த ஒரு படம் அப்படிப்பட்ட 1,700 திரைகளை நிரப்பும். திரைக்குத் தக்கபடி சுருக்கிக் காட்டினால், அந்த 1,700 பங்கில் ஒரு பங்கைக் காட்டிவிட்டு "இதுதான் செவ்வாய்" என்று சொல்கிறோம்.

"நெட் இல்லையா? அப்படியானால் படத்தைச் சின்னதாக்கிப் போடுங்கள்." கணினி தெரிந்தவர்கள் பலரும் சட்டென்று தரும் ஆலோசனை இது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இணையம் இல்லாத ஊருக்கு மங்கலான படம் போதும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பனோரமாவின் உயிரே கிட்டத்தில் போய்ப் பார்ப்பதில்தான் இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சார், அந்த மேட்டுக்குப் பின்னால் என்ன?" என்று கேட்கும் நொடியில் ஆசிரியர் சுட்டியை உருட்டி அந்த இடத்துக்குப் போக வேண்டும். பாறையில் ஏடு ஏடாகப் படிந்த அடுக்குகள் தெரிய வேண்டும். ஊர்தி முன்பு ஏறிக் கடந்து வந்த வேரா ரூபின் மேடும், அதற்கும் அப்பால் கேல் பெருங்குழியின் விளிம்புச் சுவரும் தெளிவாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் திரையில் சதுரம் சதுரமாக மங்கல் வந்து நின்றால், பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்காது.

முழுப் படத்தையும், முழுத் தெளிவோடு, இணையமே இல்லாத பழைய கணினியில் காட்ட முடியும். எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பிலிருந்து ஓய்வு பெற்ற, நான்கு ஜிபி ரேம் கொண்ட மடிக்கணினி ஒன்றில் காட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். அரசு தந்த விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டுப் பரணில் தூங்குகிறதென்றால் அதையும் எடுத்துத் தூசி தட்டுங்கள்.

நூலகரின் கணினி ஏன் நின்றது? படக் கோப்பு சிறியதாகத் தெரிவது அது சுருக்கிக் கட்டப்பட்டிருப்பதால். திறக்கும்போது கணினி அதை முழுதாகப் பிரித்தாக வேண்டும். ஒரு பிக்சலுக்குக் குறைந்தது மூன்று பைட். 180 கோடி பிக்சலுக்கு 540 கோடி பைட், அதாவது 5.4 ஜிபி. நான்கு ஜிபி நினைவகத்தில் அது எங்கே உட்காரும்? விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் இறக்கிவைக்கத் தொடங்கும், அதோடு எல்லாம் முடங்கிவிடும். நினைவகம் தாராளமாக இருந்தாலும் அடுத்த தடை கிராபிக்ஸ் சிப்பில் காத்திருக்கிறது. பனோரமாவைச் சுழற்றிக் காட்டும் மென்பொருள், படத்தைக் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கிறது. ஒரே படமாக அந்தச் சிப் ஏற்றுக்கொள்ளும் அகலத்துக்கு வரம்பு உண்டு: பழையவற்றில் 4,096 அல்லது 8,192 பிக்சல், புதியவற்றில் பெரும்பாலும் 16,384. அதற்கு மேல் போனால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

தீர்வு பழையது, எளியது. படத்தைத் துண்டுகளாக வெட்டிவைத்துவிட்டு, பார்க்கிற இடத்துத் துண்டுகளை மட்டும் எடுத்துக் காட்டுவது. ஜவுளிக்கடைக்காரர் அலமாரியில் உள்ள அத்தனை புடவையையும் நம் முன்னால் விரித்துப் போடுவதில்லை. கை காட்டியதை எடுத்து விரிக்கிறார், வேண்டாததை மடித்து வைக்கிறார். கணினியும் அதைத்தான் செய்ய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 512-க்கு 512 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் செவ்வாய்ப் படம் ஏறத்தாழ 6,900 துண்டுகள் ஆகும். இதோடு படத்தைப் பாதியாக்கி ஒரு அடுக்கு, அதையும் பாதியாக்கி இன்னொரு அடுக்கு என்று மேலே மேலே செய்துகொள்வார்கள். தூரத்திலிருந்து முழுக் காட்சியையும் பார்க்கும்போது மேலடுக்கின் சில துண்டுகள் போதும். நெருங்க நெருங்கக் கீழடுக்குத் துண்டுகள் வரும். எல்லா அடுக்குகளும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல்: மொத்தம் 9,200 துண்டுகள் அளவில் வரும். ஆனால் அந்த 1366-க்கு 768 திரையில் ஒரு நேரத்தில் தேவைப்படுவது? முழு அளவில் பார்த்தால் பன்னிரண்டு துண்டுகள். இரண்டு அடுக்குகளுக்கு இடைப்பட்ட பெரிதாக்கலில் முப்பது நாற்பது ஆகலாம். ஒரு துண்டு கிராபிக்ஸ் நினைவகத்தில் பிடிப்பது ஒரு எம்பி. 5.4 ஜிபி கேட்ட படம் இப்போது நாற்பது எம்பிக்குள் அடங்கிவிட்டது. படம் பத்து மடங்கு பெரிதானாலும் இந்த நாற்பது மாறாது. கணினி கணக்கில் கொள்வது திரையின் அளவை மட்டுமே. இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை என்னால் விவரிக்க முடியவில்லை.

பழைய வழி என்றேன். 1995இல் ஆப்பிள் நிறுவனத்தின் எரிக் சென், குவிக்டைம் விஆர் என்ற முறையை சிக்ராஃப் மாநாட்டுக் கட்டுரையில் விளக்கினார். அதிலேயே பனோரமாவைத் துண்டாக்கிச் சுருக்கிவைத்து, தேவையான துண்டுகளை மட்டும் பிரித்துக் காட்டும் யோசனை இருந்தது. அன்றைய கணினிகளில் நினைவகம் சில எம்பிதான், இணையம் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. மக்கள் சிடியைப் போட்டுத்தான் அறைகளையும் அரங்குகளையும் சுற்றிப் பார்த்தார்கள். இணையமின்றிப் பனோரமா பார்ப்பதுதான் இந்தத் துறையின் தொடக்கமே. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன், 1793இல், ராபர்ட் பார்க்கர் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் வட்டக் கட்டடம் எழுப்பிச் சுவர் முழுக்கச் சுற்று ஓவியத்தை மாட்டியபோதும் பார்வையாளரின் கண் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தானே பார்த்தது!

இணையம் இல்லாதது குறை என்று நினைக்கிறோம். இந்த ஒரு காரியத்தில் அது வசதி. இணையத்தில் ஒவ்வொரு துண்டும் தொலைதூர சர்வரிலிருந்து வர வேண்டும். உங்கள் மேசையிலோ துண்டுகள் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. எஸ்எஸ்டி இருந்தால் திரும்பிய பக்கமெல்லாம் படம் தயாராக நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒவ்வொரு கோப்பையும் தேடிப் பிடிக்க நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகலாம். நாற்பது துண்டுக்கு அரை நொடிக்குள். அதுவும் தாங்கக்கூடியதுதான். பழைய கணினிக்குச் செலவு செய்ய உங்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறதென்றால், வேறு எதற்கும் முன்பாக எஸ்எஸ்டி போடுங்கள் என்பேன்.

இனி செய்முறை. வெட்டும் வேலையை இணையமும் நல்ல கணினியும் உள்ள இடத்தில் ஒரு முறை செய்து, வெட்டிய துண்டுகளைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள். செவ்வாய்ப் படம் வானமும் காலடியும் முழுதாக அடங்கிய கோளம் அல்ல. சுற்றிவரும் நீண்ட பட்டை. இதற்கு லிப்விப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை நுணுக்கமாகப் படமெடுக்கும் பணியோடு வளர்ந்தது அது. பெரும் படத்தை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வெட்டுவதால் சிறிய கணினியிலும் வேலை நடக்கும். வெட்டிய துண்டுகளைப் பிரவுசரில் ஒரு பக்கமாகத் திறந்து காட்ட ஓப்பன்சீட்ராகன் என்ற காட்டி உண்டு. படத்தின் வலக்கோடி இடக்கோடியோடு சேர்ந்து முடிவில்லாமல் சுற்றும்படி அதில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதை மறக்காமல் இயக்கிவிடுங்கள்.

கோயில் மண்டபம், காடு, அருங்காட்சியக அறை என்று மேலும் கீழும் சேர்த்து முழுக் கோளமாக எடுத்த படங்களுக்கு, மேத்யூ பெட்ராஃப் உருவாக்கிய பானெல்லம், கூகுளிலிருந்து வந்த மார்ஸிபானோ இரண்டும் நல்லவை. இரண்டுமே இலவசம், திறந்த மூலநிரல். நீங்களே படமெடுத்துத் தைக்க விரும்பினால் ஹியூகின் இருக்கிறது. பானெல்லத்தின் வெட்டும் கருவியும் ஹியூகினோடு வரும் நோனா என்ற நிரலைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் எல்லாப் படத்தையும் வெட்டத் தேவையில்லை. ரிக்கோ தீட்டா எஸ் போன்ற கையடக்கக் கேமராவில் எடுத்த 5376-க்கு 2688 பிக்சல் படத்தைப் பெரும்பாலான கணினிகள் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அகலம் 8,000-ஐ நெருங்கினால் மட்டும் வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

இங்கேதான் பலரும் மனம் தளர்ந்து கைவிடுகிற கட்டம் வருகிறது. எல்லாம் தயார், ஃபோல்டரைத் திறந்து பக்கத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்கிறீர்கள், பிரவுசரில் வெற்றுத் திரை. படம் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறக்கும் பக்கத்தைப் பிரவுசர் சந்தேகத்தோடு பார்க்கும். அந்தப் பக்கம் டிஸ்கில் உள்ள மற்றக் கோப்புகளைப் படிக்க விடாது. நம் சொந்தக் கோப்புகளைக் காப்பதற்கான ஏற்பாடு அது, நல்லதுதான். அதே கணினிக்குள் சிறிய சர்வர் ஒன்றை இயக்கிவிட்டால் பிரவுசருக்கு நம்பிக்கை வந்துவிடும். பைத்தான் நிறுவியிருந்தால் ஒரே வரிக் கட்டளையில் சர்வர் ஓடும். பிறகு முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்துத் திறக்க வேண்டும். பெயரில் சர்வர் என்று இருந்தாலும் இதற்கு இணையம் துளியும் தேவையில்லை. அந்தக் கட்டளையை ஒரு சிறு கோப்பில் எழுதி முகப்புத் திரையில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு உங்களுக்கு மாறுதல் வந்து வேறொரு ஆசிரியர் வந்தாலும், அவர் அதைத் தட்டினால் போதும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. காட்டி மென்பொருளின் மாதிரிப் பக்கங்கள் பலவும் தமக்கு வேண்டிய நிரலையும் எழுத்துருவையும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கும். வீட்டில் இணையத்தோடு சோதிக்கும்போது எல்லாம் ஓடும், பள்ளியில் ஓடாது. எல்லாக் கோப்புகளையும் இறக்கி ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் வைஃபையை அணைத்து, கேபிளைக் கழற்றி, கணினியை மறுபடி இயக்கிச் சோதியுங்கள்.

எடுத்துச் செல்வதிலும் கவனம் தேவை. ஒன்பதாயிரம் குட்டிக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்தால் பொறுமை போய்விடும். சில பென்டிரைவ்களில் ஒவ்வொரு குட்டிக் கோப்பும் தன் அளவைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி எடுத்துச் சென்று, பள்ளிக் கணினியின் டிஸ்கில் பிரியுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்ட வேண்டாம்.

அப்படியும் படம் திக்கித் திக்கி நகர்ந்தால், முதலில் பிரவுசரின் அமைப்புகளில் கிராபிக்ஸ் முடுக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்க, முழுப் பாரத்தையும் பிராசஸர் ஒன்றே சுமக்கும். சீரான அசைவுக்கு நொடிக்கு அறுபது முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டும். அதாவது ஒரு முறைக்குப் பதினேழு மில்லி நொடிகூடக் கிடைக்காது. அந்த வேகம் சிப்பின் உதவி இல்லாமல் வராது. மடிக்கணினி பேட்டரியில் ஓடினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சார்ஜரைச் செருகுங்கள். 4கே தொலைக்காட்சியில் இணைத்திருந்தால் திரை அமைப்பை 1080-க்கு இறக்குங்கள். வேலை நான்கில் ஒரு பங்காகிவிடும். அருங்காட்சியகத்தில் நாள் முழுக்க ஓட வைக்கிறவர்கள் பிரவுசரைக் கியோஸ்க் முறையில் திறந்தால், தொடுகிறவர்கள் வெளியே போய் வேறெதையும் கலைக்க முடியாது.

உரிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். நாசாவின் படங்களை வகுப்பறையில் காட்டப் பொதுவாகத் தடையில்லை. நாசாவின் பெயரைப் போடுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் உலகின் பல இடங்களின் கோளப் படங்கள் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் குறிப்பிட வேண்டும். இணைய இணைப்பைச் சுட்டிவிட்டு ஒதுங்க நம்மால் முடியாதல்லவா, அதனால் பெயரைப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுவோம். பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.

செவ்வாய் இருக்கட்டும், தஞ்சைக்கு வருவோம். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். குறுகலான, இருண்ட பாதை அது. பொதுமக்கள் உள்ளே போக முடியாது. சீனாவின் துன்ஹுவாங்கில் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றின் ஈரமே குகை ஓவியங்களைக் கெடுக்கிறது என்று வருகையைக் கட்டுப்படுத்தினார்கள். கூடவே குகைகளை நுணுக்கமாகப் படமெடுத்து, 2016இல் முப்பது குகைகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நம் ஓவியங்களும் அந்தத் தெளிவில் ஒரு ஜிப் கோப்பாக ஊர்தோறும் போய்ச் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உள்ளே போகவே முடியாத இடத்தின் படத்துக்கு இணையம் வேறு தடையாக நிற்கலாமா? தொல்லியல் துறையிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேட்டு எழுதிய ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் செவ்வாய்ப் படத்தை வெட்டித் தயாரித்த நிலையில் அனுப்பலாம் என்று ஆசிரியர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். அளவு ஒரு ஜிபியைத் தாண்டாது. உங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையில் ஒரு பென்டிரைவை வைத்து அனுப்பினால் நிரப்பித் திருப்பி அனுப்புவோம். கடிதத்தில் உங்கள் கணினியின் ரேம் எவ்வளவு, விண்டோஸா லினக்ஸா, திரை அல்லது புரொஜெக்டரின் அளவு என்ன என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். சர்வரை இயக்கும் கோப்பையும் அதற்கேற்பத் தயார் செய்து உள்ளே போட்டு அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்